அண்ணத்தில் ஒட்டிய அப்பம்

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அப்படிப் பார்த்தால், எண்பதுகளின் கடைசியில் ஆவடி முழுக்க என் வீட்டுக்காரரையே நினைத்துக்கொண்டிருந்தது. ரசத்துக்குப் புரையேறும், காப்பிக்குப் புரையேறும், சும்மா எச்சில் விழுங்கினாலும் ஏறும். பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். தொண்டை, குடல் என்று எல்லா இடத்துக்கும் அது போகும் என்பது டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. குடல் விஷயத்தை விரித்து எழுதினால் அவர் மேலேயிருந்து முறைப்பார். கொய்யாப்பழமாக வாங்கிக் கொட்டினேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் கஞ்சியும் குழைந்த சோறுமாகச் சமாளித்தேன். மாட்டிக்கொண்டது மாதா கோயிலில். ஒரு ஞாயிறு பூசையில் சாமியார் கையால் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கினார். அந்த மெல்லிய அப்பம், காய்ந்த வாயில் அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அதில் இருப்பவர் ஆண்டவர், பல் பட்டால் பாவம் என்று சின்ன வயதில் படித்தவர், விரலால் எடுக்கவும் மாட்டார். வாயை இறுக மூடிக்கொண்டு வீடு வரை நடந்தார். கோயில் வாசலில் என் தம்பி வணக்கம் சொன்னான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பின்னாலேயே ஓடிவந்தான் அவன். “இன்னா மாமா, எம்மேல கோவமா? மூஞ்சியத் திருப்பிக்கினு வந்துட்டீங்க? ஒங்க கொடைய ரயில்ல தொலச்சது நான்தான், ஒத்துக்கிறேன்!”

குடை பரணில் இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு அவருக்கு முட்டிவலி. அதற்கடுத்த ஞாயிறும். பூசை நேரத்துக்கு மட்டும் வருகிற முட்டிவலி! நான் விடாமல் நச்சரித்ததும், “நன்மை வாங்க முடியாதவன் கோயிலுக்கு வந்து இன்னாத்துக்கு?” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. விவரம் தெரிந்த நாளாக ஒரு பூசை விடாத மனிதர். எனக்குத் தாங்கவில்லை.

துருவிக் கேட்டதில் வண்டவாளம் வெளியே வந்தது. நடுராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடத் தொடாமல்தான் நன்மை வாங்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை நான் கொடுத்த மாத்திரை சட்டைப்பைக்குப் போய், பூசை முடிந்த பிறகுதான் வாய்க்குப் போயிருக்கிறது. அந்த மாத்திரை வேலை செய்தால்தான் தொண்டையே வேலை செய்யும்! தலையில் அடித்துக்கொண்டேன்.

பங்குச்சாமியாரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். “அந்தச் சட்டத்தையெல்லாம் எப்பவோ மாத்தியாச்சுங்க. மாத்திரையப் போட்டு, தண்ணி குடிச்சிட்டு வாங்க. சின்னத் துண்டாத் தரேன். பாவம் வந்தா என் தலையில,” என்றார் அவர்.

“நேத்து மொளச்ச சாமியாரு,” என்று சாமியார் போன பிறகு இவர் முனகினார். ஆனாலும் ஞாயிறு காலை என் கண்ணெதிரிலேயே மாத்திரையை விழுங்கினார்.

பூசையில் நகத்தளவு துண்டு கிடைத்தது. எப்போதும் பக்தியோடு மோட்டுவளையைப் பார்த்து விழுங்குகிறவர், புரையேறாமலிருக்க டாக்டர் சொன்னபடி தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பக்கத்திலிருந்த நான், செபத்தை மறந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து கோயிலே மௌனமாக இருந்த நேரம். ஆண்கள் வரிசையிலிருந்து என் பக்கம் திரும்பினார். வாயை ஆவென்று திறந்து காட்டினார். வியாதி வந்த பிறகு அவ்வளவு உரக்க அவர் பேசிக் கேட்டதில்லை.

“எறங்கிட்டாருடி!”