வெள்ளை வரிசையில் ஏழாவது ஆள்

இந்த வளைகுடா நாட்டின் சுல்தான் நாங்கள் இருக்கும் சலாலாவுக்கு வருகிறார் என்று எங்கள் தமிழ்ப் பெண்கள் குழுவுக்கும் சாலையோரத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். இந்த நாட்டுக் கொடியைப் போல வெள்ளை, சிவப்பு, பச்சை என மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு பேர் என்று தலைவி முடிவு செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், நல்ல பெண்தான். சிவப்புக்கும் பச்சைக்கும் உடனே ஆள் சேர்ந்தது. வெள்ளைக்கு ஒருத்தியும் கை தூக்கவில்லை. நல்ல காரியத்துக்கு வெள்ளைப் புடவை கட்ட யாருக்கு மனசு வரும்?

"சரிகைக் கரை போட்டதா வாங்குறேன்ப்பா" என்று கெஞ்சி ஆறு பேரைப் பிடித்தவர், கடைசியில் என்னிடம் வந்தார்.

"ஆன்ட்டி, நீங்க கட்டினா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். அப்போது சொந்தக்காரர்கள் கொண்டுவந்த வெள்ளைப் புடவையை மகன் திருப்பிக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து கலர்தான் கட்டுகிறேன். இதையெல்லாம் நாலு பேர் நடுவில் சொல்ல எனக்கு வராது. தலையை ஆட்டிவிட்டேன்.

"ஏன் அத்தை ஒத்துக்கிட்டீங்க?" என்று மருமகள் கோபப்பட்டாள். முடியாது என்று சொல்வதற்கு, கட்டிக்கொண்டு போய் நிற்பதே சுலபமாகத் தெரிந்தது.

தலைவி கொடுத்தனுப்பிய பையைப் பிரித்தால் வெறும் வெள்ளை. கரை கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதும்தான் பார்த்தேன். மற்ற ஆறு பேர் புடவையிலும் விரற்கடை அகலத்துக்குச் சரிகை.

மதியம் இரண்டு மணிக்கே சாலையோரப் படிகளில், வரிசைக்கு ஒரு படியாக நிற்க வைத்துவிட்டார்கள். சாரல் விட்டுவிட்டுத் தூறியது. ஈரத்தில் புடவை காலோடு ஒட்டியது. முழங்கால் விண்ணென்று தெறித்தது. நாலு மணிக்கு மேல் தலைவி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோது, எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"எனக்கும் கரை போட்டது ஒண்ணு வாங்கியிருக்கலாமேம்மா?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இல்ல ஆன்ட்டி... உங்களுக்குன்னா இதுவே போதும்னு..." பாதியில் நிறுத்தினார்.

நான் மெல்லப் படியிறங்கினேன்.

"ஆன்ட்டி, லைன் உடைஞ்சிடும்!"

"கால் வலிக்குதும்மா" என்றேன். அது பொய்யில்லை.

பஸ் பின்னால்தான் நின்றது. டிரைவர் புதுக்கோட்டைக்காரர். "என்னாத்தா, ராசா வர்ற நேரத்துல இங்க வந்து குந்திட்டீய?" என்று கேட்டு, தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் கூச்சல் கிளம்பியது. அவர் பஸ் படியில் தொற்றி நின்று எட்டிப் பார்த்தார்.

"போயாச்சு ஆத்தா. எல்லா காருலயும் கறுப்புக் கண்ணாடி. எதுல இருந்தாருன்னே தெரியல."

திரும்பி வந்ததும், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

மறுநாள் புடவையைத் துவைத்து, இஸ்திரி போட்டு மருமகளிடம் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, இனிமேல் என்னை எதற்கும் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லிவிடச் சொன்னேன்.

"புடவையைக் குடுத்துடுறேன். அதை நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை.