எட்டில் ஐந்து துவாரங்கள்

எஞ்சினுக்கு மேல்மூடியாகப் புதிதாக வாங்கிய சிலிண்டர் ஹெட்டின் துவாரங்களைக் கையால் தேய்த்து வழவழப்பாக்கலாமா என்ற கேள்விக்கு, பணியில் இருந்தபோதே நான் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வண்டிக் கம்பெனியின் ஹெட்டாக இல்லாமல் வெளித் தயாரிப்பாக இருந்தால், உள்ளே வார்ப்புப் பிசிர் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கவும். இருந்தால் அதை மட்டும் அரத்தால் எடுக்கவும். மற்றதைத் தொட வேண்டாம். பேருந்துப் பணிமனையின் பலகையில் அந்தச் சுற்றறிக்கை பல வருடம் தொங்கியது. மெக்கானிக்குகள் அதன் ஓரத்தைக் கிழித்துக் காது குடைந்தார்கள். மீறிய இரண்டு பேரிடம் எழுத்து மூலம் விளக்கமும் கேட்டிருக்கிறேன். நானே மீறியபோது என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஆகவே இதை நானே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் ஜவ்வாது மலையில் குடியேறினோம். எங்களிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று உண்டு. சென்ற கோடையில் மலை ஏறும்போது தண்ணீர்க் குழாய் வெடித்து, எஞ்சின் சூடாகி, ஹெட் விரிசல் விட்டது. அதே வாரம் செங்கத்திலிருந்த மனைவியின் தங்கையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒன்றிரண்டு மாதம் என்று மருத்துவர் சொன்னதாகத் தகவல். ஒன்றிரண்டு மாதம் என்பதை நான் ஒரு கால அட்டவணையாக எடுத்துக்கொண்டேன்.

மனைவிக்கு இடுப்பு எலும்பில் கம்பி வைத்திருக்கிறது. பேருந்துப் படி ஏற முடியாது. ஜீப்பின் முன் சீட்டில் தலையணை வைத்தால் உட்கார்ந்து வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒடுகத்தூர் இறங்கி, தெரிந்த பாய் கடையில் வெளித் தயாரிப்பு ஹெட் ஒன்றை வாங்கினேன். வால்வெல்லாம் பொருத்தித் தயாராக இருந்தது. துவாரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன்.

"இன்னா சார், மாடு வாங்கறாப்புல பல்ல புடிச்சிப் பாக்கறீங்க?" என்றார் பாய்.

"உள்ள சொரசொரன்னு கீதே பாய்."

"இருக்கட்டுமே. நீங்க இன்னா ரேஸுக்கா போறீங்க? பிசிர தட்டிட்டு மாட்டுங்க. சாயங்காலம் வண்டி ஓடும்."

என் சுற்றறிக்கையைத்தான் அவர் சுருக்கமாகச் சொன்னார். நான் அதற்குச் சிரித்துவிட்டு, ஹெட்டைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் மலைக்குக் கொண்டுவந்தேன்.

திங்கள் காலை தேய்க்க உட்கார்ந்தேன். காற்று போகும் வழி நான்கு, புகை வரும் வழி நான்கு. வால்வுகளைக் கழற்றி வரிசையாக எண் போட்டு வைத்தேன். உருட்டு அரம், பிறகு எமரி உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி முரட்டு ரகம், பிறகு நைஸ் ரகம். மலைச் சாலையில் இரண்டாவது கியரில் முக்கிப் போகும் டீசல் வண்டிக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை என்று எனக்குத் தெரியும். பிசிர் எடுக்கும் வேலை அரை மணியில் முடிந்திருந்தது. அதன் பிறகு செய்ததெல்லாம் எனக்காகச் செய்தது. பணிமனையில் முப்பது வருடம் மற்றவர்களைச் செய்யவிடாமல் தடுத்த வேலை, விரல் நுனியில் அவ்வளவு இதமாக இருந்தது.

"எப்ப கெளம்பலாம்?" என்று மனைவி கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"அந்தப் பாய் அன்னிக்கே ஓடும்னாராமே. நீங்கதான சொன்னீங்க."

"அவருக்கு விக்கத் தெரியும். எஞ்சின் எனக்குத் தெரியும்."

"வாடகைக்குக் கார் இன்னா கூப்பிட்டா வராதா?"

"நம்ம வண்டிய வச்சிக்கினு எதுக்கு வாடகை? மூணு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

அவள் உள்ளே போனாள். செவ்வாய் மத்தியானம் தங்கையின் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு என் பக்கம் நீட்டினாள். குரல் மெலிந்து இருந்தது, குறும்பு மட்டும் குறையவில்லை. "மாமா, வண்டிக்கு சிங்காரிச்சது போதும். எங்க அக்காவ அனுப்புங்க." நான் சிரித்தேன். அப்போது நான்காவது துவாரம் முடிந்திருந்தது. அன்று மாலை ஐந்தாவதை முடித்தேன்.

புதன் விடியும்போது மறுபடி போன். இந்த முறை பேசியது தங்கையின் மகள்.

மனைவி அழவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு, நான் வேலை செய்வதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். வாடகைக் கார் பேசவா என்று இப்போது நான்தான் கேட்டேன். "வண்டிய மாட்டுங்க" என்றாள். ஹெட்டை மண்ணெண்ணெயில் கழுவினேன், காற்றடித்துத் துடைத்தேன், வால்வுகளைத் திரும்பப் பொருத்தினேன். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு கை பிடிக்க, ஹெட்டை எஞ்சின் மேல் இறக்கினோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக போல்ட்டுகளை முறுக்கினேன். அன்றைக்கும் முறை தவறவில்லை. தேய்க்காத மூன்று துவாரங்களும் கரடுமுரடாக அப்படியே உள்ளே போயின. தண்ணீர் ஊற்றி, டீசல் குழாயில் காற்றை எடுத்து, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணி நேரம்தானா?" என்றாள்.

நான் தலையணையை எடுத்து முன் சீட்டில் வைத்தேன்.

செங்கம் வரைக்கும், தேய்த்த துவாரத்துக்கும் தேய்க்காததற்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரிகிறதா என்று என் காது தானாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தெரியவில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டு வந்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

தங்கையை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மனைவி குனிய முடியாது. ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். உட்கார்ந்து தங்கையின் கன்னத்தைத் தடவினாள். தங்கையின் மகள் ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள்.

"நேத்தெல்லாம் வண்டி சத்தம் கேட்டாப் போதும், போய்ப் பாருடி, பெரிம்மாவா பாருன்னு வெரட்டிக்கினே இருந்துது பெரிம்மா. ஏன் பெரிம்மா வரல?"

சுற்றி நின்றவர்கள் மனைவியைப் பார்த்தார்கள். நான் கறுத்த விரல்களை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

"வண்டி ரிப்பேரும்மா," என்றாள் மனைவி. "பெரிப்பா ராவும் பகலும் பாத்தாரு. இன்னிக்குத்தான் ஆச்சு."