வைக்கோல் போர்த்திய பேட்டரி

சினை ஊசி போடுவது என் தொழில். மாடு பருவத்துக்கு வந்தால் போன் வரும், கிளம்பிவிடுவேன். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு அலுமினியக் கேன் நிற்கும். அதற்குள் நைட்ரஜன் திரவம், சுழியத்துக்குக் கீழே கிட்டத்தட்ட இருநூறு டிகிரி. மெல்லிய குழாய்களில் காளை விந்து அந்தக் குளிரில் வருடக்கணக்காக உறங்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கும். பதினோரு வருடமாகத் திறக்கிறேன். அம்மாடி, இந்தக் குளிரிலா உயிர் இருக்கிறது என்று இன்னும் ஒரு கணம் கை நின்றுவிடுகிறது.

ஊரில் என்னை டாக்டர் என்பார்கள். நான் டாக்டர் இல்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்து, விட்டுவிட்டேன்.

பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியது ஒரு சித்திரையில். எல்லோரும் சொன்ன புத்தி ஒன்றுதான்: ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதே, ஆறவிடு. எங்கள் வெயிலுக்கு அது சரி. வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத்தான் பிளக்கைச் சொருகுவேன். முழு சார்ஜுக்கு எண்பது கிலோமீட்டர் காட்டும்.

மார்கழி பிறந்ததும் அந்த எண்பது எழுபதாகிவிட்டது. சார்ஜ் ஏறவும் கூடுதல் நேரம் பிடித்தது. வண்டி விற்றவனைப் போனில் பிடித்து ஒரு கத்து கத்தினேன். "குளுருக்கு பேட்டரி மந்தமாயிடும்ணா" என்றான். "சாலவாக்கத்துல இன்னாய்யா குளுரு? இமயமலையா கீது இங்க?" என்று வைத்துவிட்டேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. நவரைப் பட்டத்துக்கு விதைநெல் முளைகட்டும் நேரம் அது. ஊறிய நெல்லை மூட்டையாகக் கட்டி, வைக்கோல் போர்த்தி, கல் ஏற்றி வைப்போம். மறுநாள் கையை நுழைத்தால் உள்ளே சுடும். நெல்லுக்கு ஆகிற வைத்தியம் பேட்டரிக்கு ஆகாதா? சார்ஜ் முடிந்ததும் ஸ்கூட்டருக்கும் வைக்கோல் போர்த்த ஆரம்பித்தேன். என் மனைவி, "இன்னா, வண்டியும் மொள வுடப் போதா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், பெருநகர் என்கிற ஊரைத் தாண்டி, செய்யாற்றோரம் இருக்கிற ஒருத்தி போன் செய்தாள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூலி வேலை செய்கிறவள், ஒரே ஒரு மாடு. மூன்று ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்தத் தடவையும் நிற்காவிட்டால் விற்றுவிடுவது என்று வீட்டுக்காரர் முடிவு செய்திருந்தார். மாட்டை வாங்குகிறவன் தன் கயிற்றோடுதான் வருவான். விற்கிறவள் தன் கயிற்றைத் தர மாட்டாள். புரோக்கர் இப்போதே புதுக் கயிற்றைக் கொட்டகைத் தூணில் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"டாக்டரே, காலையிலருந்து கத்திக்கினு கீது. நான் நடவுக்குப் போய்ட்டேன், இப்பதான் பாத்தேன்."

மாடு காலையிலிருந்து கத்துகிறது என்றால் பருவம் வந்து ஒரு பகல் போய்விட்டது, மறுநாள் விடிந்ததும் போட்டால்தான் உண்டு. அதற்குமேல் பருவம் கடந்துவிடும். வண்டியில் ஒன்பது கிலோமீட்டர்தான் மிச்சம். அவள் வீடு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. விடியற்காலை வருகிறேன் என்றேன்.

அப்போதே பிளக்கைச் சொருகியிருக்க வேண்டும். பழக்க தோஷம், பனியில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டேன். ஆறியது, நன்றாகவே ஆறியது. அப்புறம் சார்ஜ் போட்டு, பாதிகூட ஏறாதபோது கரண்ட் போனது. சரி, இருக்கிற வைத்தியத்தைச் செய்வோம் என்று வைக்கோலைப் போர்த்திவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலையில் கரண்ட் இன்னும் வரவில்லை. வைக்கோலை விலக்கி வண்டியைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. பக்கத்து விதை மூட்டையைத் தொட்டேன், சுட்டது. விதை மூச்சுவிட்டுத் தன் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. வைக்கோல் அதைக் காவல் காக்கிறது, அவ்வளவுதான். ஆறிப்போன பேட்டரிக்குக் காவல் காக்க என்ன இருக்கிறது? சூட்டோடு சார்ஜ் போட்டு, சூடு அடங்குமுன் போர்த்தியிருக்க வேண்டும். குளிரை வெளியே விடாத கேனைப் பதினோரு வருடம் சுமந்தவனுக்கு இது உறைக்கவில்லை. மடையன்!

முப்பத்துமூன்று காட்டியது. கிளம்பினேன். உத்திரமேரூர் ஏரி பனியில் இருந்த இடமே தெரியவில்லை. போகிற தூரத்தைவிட எண் வேகமாக இறங்கியது. பெருநகர் தாண்டியதும் நான்கு காட்டி, வண்டி நத்தையாகி நின்றது. கேனை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் தள்ளுவேன்? அழுகை வராத குறை. போன் செய்தேன்.

"யக்கா, வண்டி படுத்துடுச்சி."

"எங்க கீற?"

சொன்னேன்.

"அங்கியே இரு, நவுராத."

அரை மணி நேரத்தில் பனிக்குள்ளிருந்து மாட்டு மணி கேட்டது. மாட்டை ஓட்டிக்கொண்டு அவளே வந்துவிட்டாள். பனைமரத்தில் கட்டினாள். கேனைத் திறக்கப் போன பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்க வேண்டும். எப்போதும் மாட்டுக்காரர் வீட்டில் கேட்டு வாங்குவேன். நடுரோட்டில் யாரைக் கேட்பது?

அவள் முந்தானைக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். "மூணு தபா கேட்டியே, நான் பாத்துக்கினு தான இருந்தேன்."

கும்பிட வேண்டும் போலிருந்தது. தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. குழாயை அரை நிமிடம் போட்டேன். வருடக்கணக்கான உறக்கத்துக்கு அரை நிமிட வெதுவெதுப்பு போதும். ஊசி போட்டு முடித்தேன்.

அதற்குள் வெயில் ஏறியது. வண்டி ரோட்டோரம் சும்மா நின்றிருந்தது. எதேச்சையாகச் சாவியைத் திருப்பினால் நான்கு என்றிருந்தது ஏழு காட்டியது. யாரும் எதையும் சொருகவில்லை. பேட்டரி சாகவில்லை, விறைத்துக் கிடந்திருக்கிறது. இரண்டு பேரும் அந்த ஏழையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூங்கினு இருந்துச்சா?" என்றாள்.

"ஆமாக்கா."

பங்குனி வெயிலில் சினை பார்க்கப் போனேன். கையுறை மாட்டி, கையை உள்ளே விட்டேன். அவள் தூணைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். விரல் நுனியில் கர்ப்பப்பை பருத்து, பந்துபோல் அசைந்தது.

"நின்னுடுச்சிக்கா."

அவள் தூணில் தொங்கிய புதுக் கயிற்றை உருவிச் சுருட்டி, என் கேன் மேல் வைத்தாள்.

"அந்த புரோக்கர் கைல குடுத்துடு, டாக்டரே. நீ அந்தப் பக்கமாதான போற."