இடுப்பளவு தண்ணீரில் ஒரு தேர்தல்

தாமிரபரணி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில், நடுவே கிடக்கும் ஒரு திட்டுதான் எங்கள் ஊர். முப்பது நாற்பது வீடு இருக்கும். கடை, பள்ளிக்கூடம், அம்பாசமுத்திரம் போகிற பஸ் எல்லாம் அக்கரையில். கோடையில் கணுக்காலளவு தண்ணீரில் நடந்துவிடலாம். மலையில் மழை பெய்தால் வீட்டில் இருப்பதைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு களக்காட்டிலிருந்து வந்த மதினி, கல்யாணப் பட்டுச்சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நனைந்துதான் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாள். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை. வழி அடைபட்ட நாட்களின் காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல் பின்பக்கம் எழுதி வைப்பாள். ‘பிள்ளைகள் பரீட்சைக்குப் போகவில்லை.’ ‘கீழவீட்டுத் தாத்தாவுக்கு மருந்து வாங்க முடியவில்லை.’

தொண்ணூறுகளின் நடுவில், ரொம்ப வருஷம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் திட்டும் அக்கரையில் ஒரு தெருவும் சேர்ந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரே குஷி.

“நீ கையெழுத்த மட்டும் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

“அப்ப நீங்களே சேலையக் கட்டிட்டு நில்லுங்க” என்றாள் மதினி.

காலண்டர் தாள்களைச் சுமந்துகொண்டு நானும் அவளோடு ஓட்டுக் கேட்கப் போனேன். அக்கரைத் தெருவில் ஒரு பெண் கேட்டாள்: “ஜெயிச்சா என்ன செய்வ?”

“ஒரு பாலம். வேற எதுவும் சொல்லத் தெரியல.”

“அது ஒங்களுக்கு. எங்களுக்கு என்ன?”

“ஒங்க வயல்ல பாதி திட்டுலதான கெடக்கு? நாத்துக்கட்டச் சொமந்துக்கிட்டு எத்தன தடவ வழுக்கி விழுந்திருப்பிய?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

ஓட்டுச்சாவடி அக்கரைப் பள்ளிக்கூடத்தில். திட்டு ஆண்கள் காலையிலேயே போட்டுவிட்டார்கள். சமையலை முடித்துவிட்டுப் பெண்கள் கிளம்பும்போது தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டது. அவர்கள் எதிர்க்கரையில் தயங்கி நிற்பதை, காலையிலேயே வந்துவிட்ட நானும் மதினியும் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தோம். மதினி விறுவிறுவென்று, தன்னை எதிர்த்து நின்றவளின் வீட்டுக்கே நடந்தாள். அங்கே டிராக்டர் இருந்தது.

“அக்கா, ஒங்க டிராக்டர அங்கன அனுப்பணும்.”

“நல்லாருக்கே! ஒனக்கு ஓட்டுப் போட வாறவளுகள நான் ஏத்திட்டு வரணுமாக்கும்?”

“யாருக்குப் போடுவாளுகன்னு எனக்கே தெரியாது. எறங்கி நடந்து ஒருத்தி ஆத்தோட போயிட்டான்னா, நாம ரெண்டு பேரும் என்ன பதில் சொல்ல?”

அந்த அக்கா தெருவில் இறங்கி ஆற்றை எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “ஏங்க, டிராக்டர எடுங்க” என்றாள்.

அவள் புருஷன்தான் ஓட்டினார். மூன்று நடையில் எல்லாரும் வந்து ஓட்டுப் போட்டார்கள். திரும்பும்போதுதான் வினை. நானும் மதினியும் ஏறியிருந்த கடைசி நடையில், நடு ஆற்றில் ஒரு சக்கரம் மணலில் புதைந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த டிராக்டர் பெட்டி சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். “பைய, அண்ணாச்சி, பைய!” என்று மதினி கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் இரண்டு தரம் உறுமியது. வண்டி ஒரு குலுக்கலோடு நிமிர்ந்து, கரை ஏறிவிட்டது.

எங்களை இறக்கிவிட்டு டிராக்டர் அக்கரை போய்ச் சேரும்வரை மதினி நகரவில்லை. அது மேடேறியதும் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

“எல்லாரும் சேந்தாச்சு. இனி தோத்தாலும் பரவாயில்லட்டி.”

தோற்கவில்லை. கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தாள். பாலத்துக்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். துணைக்குப் பல தடவை போனது, தோற்றுப்போன அந்த அக்காதான்.

பாலம் முடிந்த வருஷம் ஐப்பசியில் ஆறு நிறைய வந்தது. யாரும் கரைக்குப் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மதினி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள்.