மலையில் மேய்ந்த சம்பளம்

சம்பளம் ஏறிய மாதங்களில் என் கால் தரையில் நிற்காது. கள்ளக்குறிச்சிக் கடைவீதியின் கண்ணாடிகளெல்லாம் என்னைப் பார்த்தே பளபளப்பதாகத் தோன்றும். விதை விற்கும் வேலையில் மலைக்கும் கீழுக்குமாக அலைந்த எனக்கு, நாற்பதைத் தாண்டியபின் வருமானம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. உயர்ந்த பங்கு வீட்டில் தங்குமுன்பே என் மனைவி அதை மலையேற்றிவிடுவாள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் அவளுக்கு ஒரு சிநேகிதி. சம்பளம் ஏறும்போதெல்லாம் ஒரு பெட்டை ஆடு வாங்கி அவளிடம் வாரத்துக்கு விடுவோம். மேய்ப்பது அவள். போடும் குட்டிகளில் அவளுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.

“காசா இருந்தா கை சும்மா இருக்காதுங்க. ஆடா இருந்தா, செலவு பண்ணவே மலையேறணும். உங்க சோம்பலுக்கு நடக்கற காரியமா அது?” என்பாள் மனைவி.

ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே, தலை இடிக்கும் இடத்தில் மெஷினைப் போட்டு அவள் தைத்துக்கொண்டிருந்தாள். தனக்கென்று ஒரு தையல் கடை வேண்டும் என்பது அவள் கனவு. மலையில் புல்லும் தழையும் தின்று வளர்ந்தது அந்தக் கடைதான். எனக்கும் அது தெரியும்.

பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. வீட்டுக்கு வந்த மைத்துனன் என் பைக்கைச் சுற்றி வந்தான்.

“இன்னா மாமா, ஆபீசராயிட்ட. இன்னும் இந்த டப்பாவுலயே போய்க்கினு இருந்தா ஊர்ல எவன் மதிப்பான்?”

“மதிக்கறவன் பெட்ரோல் போடுவானாடா?” என்றாள் அவன் அக்கா. அவன் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே ஒரு புதுக் காரை ஓட்டிப் பார்த்தேன். புது சீட்டின் வாசனை சட்டையோடு வீடுவரை வந்தது. ஆடுகளை விற்றால் முன்பணம் ஆகிவிடும். மனைவியிடம் சொன்னேன். ஊசியில் நூலைக் கோத்தபடியே, “வேணும்னா போயி ஆட்டை ஓட்டிக்கினு வாங்க” என்றாள். அந்த “வேணும்னா”வை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வாடகைக்கு ஒரு மினி வண்டியைப் பிடித்து மலையேறினேன். சிநேகிதி சாமைச் சோறு போட்டாள். ஆட்டைத் தொடவிடவில்லை.

“ஆட்டைக் கயிறோட எங்கையில குடுத்தது யாருண்ணா?”

“என் வூட்டுக்காரிதான்.”

“அப்ப அவதான் வந்து கயிறு வாங்கணும். புருசனே கேட்டாலும் குடுக்க மாட்டோம். எங்க பழக்கம் அது, தப்பா நெனைக்காத.”

போனில் கூப்பிட்டேன். மதியப் பஸ்ஸில் மனைவி வந்து இறங்கினாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி. எங்கள் பங்கைப் பிரிக்க இரண்டு பெண்களும் பட்டிக்குள் போனார்கள்.

“எதெது ஒனக்குக்கா?”

“இது ஷட்டரு. அந்தச் செவலை ரெண்டும் அட்வான்ஸு. கொம்பு வளைஞ்சது கட்டிங் டேபிளு...” என்று கைகாட்டிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

“ஆட்டுக்கு இன்னாக்கா இப்படிப் பேரு?”

“கடைக்குன்னு வெச்சதுடி. இப்ப காருக்குப் போவுது. டயரு, ஸ்டேரிங்குன்னு மாத்திக்கலாம் வுடு.”

இருவரும் சிரித்தார்கள். மனைவியின் சிரிப்பில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். குட்டிகள் கத்தின, மழைக்கு முந்திய காற்று கடுக்காய் மரத்தை உலுக்கியது. ஒவ்வொரு ஆட்டையும் அவள் அந்தப் பேரில் எத்தனை காலமாக மனசுக்குள் அழைத்திருப்பாள்! என் கண்ணுக்கு எதிரே ஒரு கடை, நான்கு கால்களில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

தெருக்கோடி வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய், கார் வேண்டாம் என்று ஷோரூம்காரருக்குப் போனில் சொன்னேன். “ஏன் சார்?” என்றார். போனைப் பையில் போட்டேன்.

இன்றும் அந்த மலைக்காரர்களின் பிடிவாதத்துக்கு மனசுக்குள் கும்பிடு போடுகிறேன். கேட்டதும் கயிற்றைக் கொடுத்திருந்தால், அந்தப் பேர்கள் என் காதில் விழாமலே போயிருக்கும். வருமானம் வளர்ந்தது என் உழைப்பால். அது மிஞ்சியது இந்த இரண்டு பெண்களால்.

பட்டிக்குத் திரும்பி, “காரு வேணாம்னுட்டேன். இதுல ஷட்டரு எது?” என்றேன்.

மனைவி என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு கயிற்றை என் கையில் திணித்து, “இறுக்கிப் புடிங்க, முட்டும்” என்றாள்.

முட்டத்தான் செய்தது, வண்டிவரைக்கும்.