ஒரு பக்கம் மட்டும் வீங்கிய கன்னம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. மாமனார் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். என் கணவரும் அதே மண்டியில்தான் இருந்தார்.

எனக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகி உயிரை எடுத்தது. எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே வைத்தியம். ஒன்று கிராம்பு, இன்னொன்று பிடுங்குவது. என் கணவர் எங்கெங்கோ விசாரித்து, திருநெல்வேலியில் ஒரு டாக்டர் பல்லைப் பிடுங்காமலே வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றுகிறாராம் என்று வந்து சொன்னார். ரூட் கனால் என்ற பெயரையே அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

மாமனாருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மாமனார் மருமகளிடம் நேரே பேசுகிற வழக்கம் கிடையாது. நான் எதிரே நின்றாலும் எனக்குச் சொல்ல வேண்டியதை என் மாமியாரிடம், அத்தையிடம்தான் சொல்வார். "சொத்தப் பல்லப் புடுங்கித் தூரப் போடாம, அதுக்கு வேரத் தோண்டி வைத்தியமா? ஒம்மவனுக்குக் கிறுக்குல்லா புடிச்சிருக்கு" என்று அன்றைக்கும் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

என் கணவர் அதைக் காதில் வாங்கவில்லை. பஸ்ஸில் கூட்டிப் போனார். டாக்டர் பல்லைக் குடைந்து, ஊசி போன்ற கம்பிகளை விட்டு வேரைச் சுத்தம் செய்தார். மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக ஏதோ அடைத்தார். இன்னும் சில தடவை வர வேண்டும், கடைசியில் நிரந்தரமாக அடைத்து கேப் போட வேண்டும், பாதியில் நிறுத்தினால் பழையதைவிட மோசமாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது பஸ்ஸில் என் கணவருக்கு ஒரே கேலி. "ஏட்டி, ஒரு பக்கமாவே மென்னு மென்னு ஒன் மூஞ்சி கோணிட்டு வருது. சீக்கிரம் சரி பண்ணணும். இல்லன்னா நான்தான் அறைஞ்சேன்னு ஊருக்குள்ள சொல்லிருவானுவ." நான் முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தடவை போவதற்குள், ஒரு மத்தியானம் மண்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் கணவர் எழுந்திருக்கவே இல்லை.

என்னைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்தார்கள். வருஷம் திரும்பும்வரை வாசல் தாண்டக் கூடாது. திருவேங்கடம், கரிவலம் என்று சுற்றுப்பட்டிலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வந்து, என்னைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். கருமாதி முடிந்த கையோடு பல்லில் இருந்த அடைப்பு பெயர்ந்து விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் வலி, அப்பப்பா! காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் ஊசி விட்டுக் கிண்டுவதுபோல இருந்தது.

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் பல் வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? இராத்திரி பகலாக அழுதேன். "புருசன நெனச்சு நெனச்சு உருகுதா" என்றார்கள். சோற்றைத் தொட முடியவில்லை. "ஒரு வா சோறு எறங்கலையே பாவிமகளுக்கு" என்றார்கள். கன்னம் வீங்கியது. "அழுது அழுது மூஞ்சியே வீங்கிப் போச்சே" என்று அதையும் துக்கத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த நாட்களில் நான் அவரை நினைக்கவே இல்லை. நினைக்க வலி விடவில்லை. சண்டாளி, அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட முடியவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு அதற்கும் சேர்த்து அழுதேன்.

ஒருநாள் காலையில் சாப்பிட வந்த மாமனார், பின்கட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டார். பிறகு அத்தையிடம், "அழுதா ரெண்டு கன்னமும்லா வீங்கும்? இவளுக்கு ஒரு பக்கந்தான வீங்கியிருக்கு?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "பல்லுதான் அது. கெளம்பச் சொல்லு, திருநெல்வேலிக்குப் போறோம்."

அத்தை பதறிப்போனார். "வருசம் திரும்பல. தாலியறுத்தவள இப்ப வெளிய கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்?"

"பேசுதவன் பேசட்டும். அவன் பாதியில விட்டுட்டுப் போயிட்டான். நாமளும் விட்டுரவா?"

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்னம்மா இவ்வளவு லேட்டா வர்றீங்க? சார் வரலையா?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தார். பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பல்லைத் தட்டிப் பார்த்தார். வேரடியில் சீழ் கட்டிவிட்டது, பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்றார். பல்லைப் பிடுங்கித் தூரப் போடச் சொன்ன அதே மாமனார், அவர் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். "புடுங்க மட்டும் செஞ்சிராதிய டாக்டர். எத்தன தடவன்னாலும் நான் கூட்டிட்டு வாரேன். எம்மவன் ஆசப்பட்டு ஆரம்பிச்சது."

டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். முயன்று பார்க்கலாம் என்று சொல்லி, பல்லைத் திறந்து சீழை வடியவிட்டார். நாற்காலியில் இருந்து எழும்போதே வலி பாதி இறங்கிவிட்டது.

திரும்பி வரும்போது எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மாமனார் எதிர்ச் சாரியில் உட்கார்ந்திருந்தார். மானூர் தாண்டியபோது வலி சுத்தமாக நின்றுவிட்டது. இத்தனை நாள் கழித்து வலியில்லாமல் மூச்சு விட்டேன். பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மா கூடையோடு உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். 'மூஞ்சி கோணிட்டு வருது' என்று சொல்லிச் சிரித்த அவர் இல்லை. இனி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். நடுவில் நின்று சொல்ல அங்கே அத்தை இல்லை. "இன்னும் வலிக்கா தாயி?" என்று கேட்டார். அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"பல்லு வலிக்கல மாமா" என்றேன்.

 மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஊர் வரும்வரை அவர் உடம்பு குலுங்கிக்கொண்டே வந்தது.

பல் பிழைத்துக்கொண்டது. கேப் போட்ட நாள்வரை ஒவ்வொரு தடவையும் மாமனார்தான் கூட வந்தார். ஊர் பேசத்தான் செய்தது. இப்போது அவரும் இல்லை. அந்தப் பல் மட்டும் இருக்கிறது, அதில்தான் இன்றைக்கும் மெல்லுகிறேன். யாராவது அழுதால் இன்னதற்குத்தான் அழுகிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொள்வதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிடுகிறேன்.