ஆளுக்குப் பாதி பாஸ்வேர்ட்

என் அண்ணன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தான். கன்டெய்னருக்குள் ஏறி மூட்டை அடுக்குகிற வேலை. காலையில் கேட்டில் பாஸ் எண்ணைச் சொன்னால் காவலாளி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பார். பச்சை வந்தால் உள்ளே, சிவப்பு வந்தால் வெளியே. அந்தப் பச்சையையும் சிவப்பையும் வரவழைக்கும் புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருவன். வியாசர்பாடியில் எங்கள் பிளாக் முழுக்க அம்மா இதைச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு பிள்ளை கேட்டைத் திறக்கிறான், இன்னொரு பிள்ளை உள்ளே போகிறான் என்று அவளுக்கு அப்படியொரு பெருமை.

எங்கள் ஆபீஸ் தண்டையார்பேட்டையில் ஒரு பருப்பு குடோனுக்கு மேலே இருந்தது. முதலாளிகள் இரண்டு பேர், தெற்கத்தி வியாபாரக் குடும்பத்து அண்ணன் தம்பி. பெரிய அண்ணாச்சி, சின்ன அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு துறைமுகத்தை நம்பிப் பிழைத்த எல்லாருக்கும் திடீரென்று வெப் அப்ளிகேஷன் தேவைப்பட்டது. யார்டுக்கு ஒன்று, லாரி புக்கிங் ஆபீசுக்கு ஒன்று, ஐஸ் கம்பெனிக்கு ஒன்று. முதலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தோம். ஒன்றில் ஒரு தப்பைத் திருத்தினால் மற்றதில் திருத்த மறந்துவிடும். நாய்ப் பிழைப்பு.

ஆகவே எல்லாவற்றுக்கும் வேண்டியதைப் பிரித்தெடுத்து ஒரே ஃபோல்டரில் வைத்தோம். லாகின், தேதி சரிபார்ப்பது, ஆட்களுக்கு எண் கொடுப்பது எல்லாம் அதில்தான். அதற்கு 'பொது' என்று பேர். வீட்டுக்கு வீடு மோட்டார் போடாமல் மாடியில் ஒரே டேங்க் வைப்பதுபோல. 'பொது' கொடுக்கும் எண் ஒருவருக்கு மட்டும்தான்; யார்டில் இருக்கும் எண் லாரி ஆபீசில் இருக்காது. எங்கள் சர்வர் நோஞ்சான் என்பதால், ஒரு எண்ணை அன்றைக்கு முதலில் யார் கேட்டாலும் அதன் நிறத்தை 'பொது' சாயங்காலம்வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். எந்த அப்ளிகேஷன் கேட்டது என்று பார்க்காது. பார்க்க வேண்டிய அவசியமும் அன்று இல்லை.

பிறகு அண்ணாச்சிகளுக்குள் சண்டை வந்தது. ஒரு கல்யாண வீட்டில் ஆரம்பித்தது என்றார்கள். வாடிக்கையாளர்களைப் பிரித்தார்கள். லாரி ஆபீசும் ஐஸ் கம்பெனியும் பெரியவருக்கு, யார்டு சின்னவருக்கு. மேஜை நாற்காலிகளைப் பிரித்தார்கள். ஃபேனைக்கூடக் கழற்றினார்கள். 'பொது'வை மட்டும் பிரிக்க முடியவில்லை. பாகப்பிரிவினைக்கு உட்கார்ந்த அவர்களுடைய ராயபுரத்து மாமா, எண்ணெய்க் கடைக்காரர், என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அது என்ன தம்பி, பொதுக் கெணறு மாதிரியா?"

"ஆமாங்க."

"அப்ப ஊர்ல செய்யுத மாதிரியே செஞ்சிருவோம்."

அவர்கள் ஊரில் கூட்டுச் சொத்துப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இங்கே 'பொது'வுக்குப் புது பாஸ்வேர்ட் போட்டார்கள்; அது பாட்டுக்கு ஓடும், அதில் ஒரு எழுத்தை மாற்றத்தான் பாஸ்வேர்ட் வேண்டும். முதல் பாதியைப் பெரியவர் தட்டும்போது சின்னவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபாதியைச் சின்னவர் தட்டும்போது பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். நாங்கள் பாத்ரூமுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தோம். அப்படி ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பூட்டியாகிவிட்ட பின், தங்கள் வாடிக்கையாளருக்கு எண் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆளுக்கு ஆள் அடம்பிடித்தார்கள். எண்கள் மோதும் என்று நான் சொன்னேன். "மோதும்போது பாத்துக்கிடலாம்" என்றார் சின்னவர். எண் கொடுக்கும் வேலையைப் பூட்டிய 'பொது'விடம் விடாமல் அந்தந்த அப்ளிகேஷனிலேயே எழுதிக் கொடுத்தோம்.

அந்த மாதம் யார்டில் பாஸ் புதுப்பித்தார்கள். அண்ணனுக்குப் புது எண் வந்தது. லாரி ஆபீசில் அதே எண்ணில் ஒரு டிரைவர் இருந்தார். குடித்துவிட்டு ஓட்டியதால் நிறுத்தி வைக்கப்பட்டவர். காலையில் லாரி ஆபீஸ் தன் டிரைவர்களின் எண்களைப் பார்ப்பதில் முந்திக்கொண்டால் அன்றைக்கு முழுக்க அண்ணனுக்குச் சிவப்பு.

"கேட்டாண்ட நின்னுகினே கீறேன்டா, உள்ள வுட மாட்றான்," என்றான் அண்ணன். "என் நம்பரப் போட்டா செவப்பா காட்டுதுன்றான். எல்லாம் என்னிய திருடன் மாரி பாக்குறானுங்க. நீதானே அத்த செஞ்ச? நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லு."

எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டேன். எண்ணோடு அப்ளிகேஷனின் பெயரையும் சேர்த்து ஞாபகம் வைக்கும்படி 'பொது'வில் ஒரு வரி மாற்ற வேண்டும். சின்னவரிடம் ஓடினேன்.

"அவன் வந்து மொதப் பாதிய அடிக்கட்டும், நான் அடிக்கேன். நானாப் போயி கூப்பிட மாட்டேன்."

பெரியவரிடம் போனேன். "யார்டு அவன் பங்கு. அங்க ஒருத்தன் நின்னா எனக்கென்ன?"

'பொது'வை நகல் எடுத்து யார்டுக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாம் என்று சின்னவரிடம் சொன்னேன். பதறிவிட்டார். பொதுச் சொத்தை நகல் எடுத்தால் பங்காளிகள் கூடிவிடுவார்களாம். சரி, தப்பு எங்கள் பக்கம்தான் என்று யார்டுக்கு ஒரு கடிதமாவது கொடுங்கள் என்றேன். கஸ்டமர் போய்விடுவான் என்றார். நானே யார்டுக்குப் போய் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அண்ணனுக்காகத் தம்பி பொய் சொல்கிறான் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. எனக்குப் படிப்பு இருந்தது, வேலை தெரிந்தது, தப்பு எந்த வரியில் என்று தெரிந்தது. அந்த வரிக்குப் போக மட்டும் வழியில்லை.

பாதி நாள் வராத ஆள் எதற்கு என்று கான்ட்ராக்டர் அண்ணனின் இடத்தில் வேறொருவனைப் போட்டுக்கொண்டார். அண்ணன் எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் லாரியில் லோடு ஏற்றப் போனான். வீட்டுக்கு வரும்போது புருவம் வரைக்கும் வெளுத்திருக்கும். ராத்திரியெல்லாம் இருமினான். அம்மா என் வேலையைப் பற்றி யாரிடமும் பேசுவதை விட்டுவிட்டாள்.

அதே கோளாறு ஒரு நாள் மறுபக்கம் வேலை செய்தது. யார்டு முந்திக்கொண்ட ஒரு காலையில், அங்கே அண்ணனின் எண்ணை வாங்கிக்கொண்டவனுக்குப் பச்சை. அதனால் குடிகார டிரைவருக்கும் பச்சை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மதிலில் மோதினார். ஆளுக்கு ஒன்றுமில்லை. லாரியின் முகப்பு நசுங்கிவிட்டது. லாரி முதலாளி மாடியேறி வந்து கத்தினார். மறுநாளே இரண்டு அண்ணாச்சிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தட்டினார், மற்றவர் சுவரைப் பார்த்தார். மற்றவர் தட்டினார், இவர் ஜன்னலைப் பார்த்தார். நான் அந்த ஒரு வரியை மாற்றினேன்.

சாயங்காலம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அது சரியாயிடுச்சிண்ணா."

"எவ்ளோ நேரம் புட்சிச்சி?"

"கொஞ்ச நேரந்தான்."

"கொஞ்ச நேரம்னா?"

"டீ வாங்கிட்டு வரதுக்குள்ள."

அவனுக்கு இருமல் வந்தது, அடங்கும்வரை காத்திருந்தான்.

"நான் கேட்டாண்ட நின்னப்பவும் அவ்ளோ நேரந்தானே ஆயிருக்கும்?" என்றான்.

ஆமாம் என்று சொன்னேன். மீதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனான்.